லண்டன் தாதாவும் முப்பது சாட்சிகளும்

மாற்றுச் சாவி போட்டுக் கதவைத் திறந்த வாட்ச்சர் அலறவில்லை.

இரண்டு எட்டு பின்வாங்கி வந்தார். தேயிலை அரைக்கும் ஸ்டோரின் படியில் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார்.

கல்லுமலைத் தோட்டத்தின் பூச்சிமருந்து அறை அது. ஜன்னல் கிடையாது. இரவு முழுக்க வெளியே பூட்டு தொங்கியிருக்கிறது. உள்ளே, கதவோரம் உயிரில்லாமல்... தோட்டக் கணக்கு எழுதும் கிளாக்கர் இளையதம்பி.

விரல் நுனியெல்லாம் ரத்தம். கதவைப் பிராண்டியிருக்கிறார்.

மருந்துக் கேன் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அந்த நெடியைத் தாண்டி ஒருவராலும் பக்கத்தில் போக முடியவில்லை.

1999. திங்கட்கிழமைக் காலை. பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த சனமெல்லாம் மலைக்குப் போகாமல் ஸ்டோர் வாசலில் கூடிவிட்டது.

சதீஸ்குமார் கடைசியாக வந்து சேர்ந்தான். முந்தின நாள் குடித்த கசிப்பு இன்னும் மண்டைக்குள் இடித்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா கூட்டம்?"

கொழுந்து பறிக்கும் அங்கம்மா திரும்பினாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து நீ வாயால சொன்னது... இன்னிக்கு நடந்திருக்குப்பா."

சுற்றி நின்றவர்கள் மெல்ல மெல்ல விலகினார்கள். அவனைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது.

வட்டத்துக்குள் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

* * *

போலீஸ் ஸ்டேஷனில் கம்பிக் கூண்டுக்கும் இன்ஸ்பெக்டர் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். மேசையில் பேசுவது எல்லாம் கூண்டில் கேட்கும்.

சதீஸ்குமார் அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். வேறு என்ன செய்ய முடியும்?

இன்ஸ்பெக்டர் வீரக்கோன் சிங்களவர். தமிழ் பேசுவார். ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்து எடை பார்த்துப் பேசுவார்.

முதலில் வந்தவர் ஜுனைதீன். லுணுகலை பஜாரில் தேத்தண்ணிக் கடை. ஞாயிறு மத்தியானங்களில் கடையின் பின்கட்டில் டீவியும் டெக்கும் வைத்துப் படம் போடுவார்.

"நேத்து என்ன படம்?"

"இங்கிலீசுப் படம் ஐயா. லண்டன் தாதா கதை. முப்பது பேர் இருந்தாங்க."

"படம் எப்படி?"

ஜுனைதீன் விழித்தார். கொலைக் கேசில் இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"சண்டை கொறைவுங்க. எந்நேரமும் மழை. நீளக் கோட்டுப் போட்டுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருக்கானுங்க. ஆனா அந்த பாஸ் இருக்கான் பாருங்க... முழியே போதும். காசு குடுக்கலாம்."

"இங்கிலீஷ் விளங்கிச்சா?"

"எங்களுக்கு எங்கே ஐயா... கிஷாந்தன் சேர் டீவி பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்வாரு. ஸ்டோர்ல தேயிலைத் தயாரிப்பப் பாக்குற சின்ன டீமேக்கர். யாழ்ப்பாணத்துல படிச்சவரு."

"கதை சொல்லுங்க."

"பாஸுக்கு ஒரு உசிர்ச் சிநேகிதன். அவன் பாஸைப் போலீசுக்குக் காட்டிக் குடுத்துர்றான். பாஸ் அவனைச் சாராயக்கடைக்குக் கீழ உள்ள அறையில போட்டுப் பூட்டிர்றான். உள்ள கேஸ் நிறைஞ்சு... ஆள் செத்துப்போயிர்றான்."

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார்.

"சதீஸ்குமார் என்ன சொன்னது?"

ஜுனைதீன் தட்டிப் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"நானா இருந்தாலும் பூட்டுவேன்னு சொன்னான்."

கூண்டுக்குள் சதீஸ்குமார் கண்களை மூடிக்கொண்டான்.

சொன்னது உண்மைதான்.

அடுத்து ரெங்கசாமி. சதீஸ்குமாரின் லயத்துக்காரன். லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருப்பவன். ஒரே கோப்பையில் குடிக்கிற சிநேகிதன்.

"படம் நல்ல படமுங்க. பாஸ் செஞ்சது சரிதான். கூட இருந்துக்கிட்டே குழி பறிச்சா சும்மா விடுறதா?"

"உங்க சிநேகிதன்?"

"அவன்... விளையாட்டுக்குத்தாங்க சொன்னான்."

"என்ன சொன்னது? முழுசா."

ரெங்கசாமியின் குரல் இறங்கியது.

"'நானா இருந்தா கதவப் பூட்டிட்டு, அந்தப் பக்கம் நின்னு பீடி குடிப்பேன்'னு சொன்னான். எல்லாரும் சிரிச்சோமுங்க."

"சதீஸ்குமாரைக் காட்டிக் குடுத்தது யார்?"

ரெங்கசாமி தரையைப் பார்த்தான். சொல்லத் தேவை இல்லை. போன மாசம் சதீஸ்குமாரின் பையில் ஒரு பொட்டலம் தேயிலை இருந்தது. அதைத் தோட்டத் துரைக்குச் சொல்லி, ஸ்டோர் வேலையிலிருந்து அவனை நிறுத்த வைத்தவர் கிளாக்கர் இளையதம்பி. தோட்டத்துக்கே தெரியும்.

"பொட்டலத்த நான் வைக்கலீங்க!" கம்பியைப் பிடித்துக்கொண்டு சதீஸ்குமார் கத்தினான்.

யாரும் திரும்பவில்லை.

பிறகு அங்கம்மா.

"எனக்குப் படம் புடிக்கலீங்க ஐயா."

"ஏன்?"

"கதை ஒட்டலீங்க. வெஞ்சினமா கதவப் பூட்டுறான். சரி. கதவத் திறந்து பொணத்தப் பாத்ததும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவுறானே, அது ஏன்? கொன்னவன் அப்படி அழுவானா? கிஷாந்தன் சேரைக் கேட்டேன். 'நடிக்கிறான்'னு சொன்னாரு. எனக்கென்னமோ நெசமா அழுத மாதிரிதான் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"ஜுனைதீன், அந்தப் படக் கெசட் எனக்கு வேணும்."

* * *

செவ்வாய்க்கிழமை காலை விஜயலெட்சுமி வந்தாள். கையில் ரொட்டியும் சம்பலும். கண்கள் வீங்கியிருந்தன.

"ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க செய்யலைதானே?"

சதீஸ்குமார் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"தெரியலடி."

"என்ன பேச்சு இது?"

"படம் முடிஞ்சு குடிச்சேன். அதுக்கப்புறம் எதுவுமே ஞாபகம் இல்ல. எந்தப் பாதையால வந்தேன்... எப்போ வந்தேன்..."

"பொழுது சாஞ்சப்பறம் வந்தீங்க. செருப்பு இல்லாம."

அவள் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தன் புருஷனுக்கு எதிராக முப்பத்தோராவது சாட்சியைத் தானே சொல்லிவிட்ட மாதிரி.

அவள் போன பிறகு அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு பக்கம் கதவு. அந்தப் பக்கம் ஒரு மனிதர் பிராண்டுகிறார். இந்தப் பக்கம் நின்று பீடி குடிப்பது யார்? எத்தனை தரம் நினைத்தாலும் அந்த முகம் அவனுடையதாகவே வந்தது.

எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முப்பது பேர் கேட்ட வாய் அவனுடைய வாய்தான்.

யுத்த நேரம்; தமிழ்ப் பொடியன் ஒருவன் உள்ளே போனால் எங்கெங்கோ கொண்டுபோகிற காலம். பேசாமல் ஒப்புக்கொண்டால் பதுளைச் சிறையோடு முடிந்துவிடும். விஜயலெட்சுமி பஸ் ஏறி வந்தாவது பார்ப்பாள்...

"ஐயா."

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"நான்தான் செஞ்சிருப்பேனுங்க."

"செஞ்சிருப்பேன், அது என்ன?"

"செஞ்சேனுங்க. எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் இரு. நான் முதல்ல ஒரு படம் பார்க்கணும்."

* * *

மத்தியானம் ஜுனைதீனின் டீவியும் டெக்கும் ஸ்டேஷன் மேசைக்கு வந்தன. பின்னாலேயே ஜுனைதீன் வந்தார். அவருக்குப் பின்னால், அழுக்குப்படாத வெள்ளைச் சட்டையில், கிஷாந்தன்.

"என்ன சேர், திரும்பவும் சாட்சியோ? நேற்று எல்லாம் சொல்லிட்டனே."

"சின்ன உதவி. இந்த ஒரு இடம் மட்டும் தமிழ்ல சொல்லுங்க."

திரையில் மழை. பாஸ் தன் சிநேகிதனைப் படியில் இறக்கி அறைக்குள் தள்ளுகிறான். கதவிடுக்கில் முகம் வைத்து வேகமாக ஏதோ சொல்கிறான். பூட்டுகிறான்.

"இங்க பாஸ் என்ன சொல்றது?"

கிஷாந்தன் ஜுனைதீனைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சொன்னதைக் கேட்ட காது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. வேறு எதையும் சொல்ல வழியில்லை.

"'என்னைக் காட்டிக் குடுத்திட்டாய். உனக்கு இதுதான் முடிவு' எண்டு சொல்லுறான்."

"அப்படியா?"

இன்ஸ்பெக்டர் கெசட்டைப் பின்னால் ஓட்டினார். திரும்பவும் மழை. திரும்பவும் கதவு.

"எனக்குக் கேட்டது வேற. 'உன்னைக் கொல்ல வர்றாங்க. இங்க ஒளிஞ்சிரு. நான் வந்து திறக்கிற வரைக்கும் சத்தம் போடாதே.' கேஸைத் திறந்துவிடுறது எதிரி. பாஸுக்குத் தெரியாது. அதுதான் அழுறான். காட்டிக் குடுக்கிற கதையே இந்தப் படத்தில இல்லை, மிஸ்டர் கிஷாந்தன்."

இன்ஸ்பெக்டர் டெக்கை நிறுத்தினார்.

கூண்டுக்குள் சதீஸ்குமார் எழுந்து நின்றான்.

"என்ர இங்கிலீஷ் அவ்வளவு... சும்மா பகிடிக்குச் சொன்னனான், சேர். சனம் ரசிக்க வேணுமே," என்றார் கிஷாந்தன்.

"பகிடி முடிஞ்சு, 'நீயா இருந்தா என்ன செய்வே' கேட்டது யாரிட்ட?"

ஜுனைதீன் முந்திக்கொண்டார்.

"சதீஸ்கிட்டங்க. அவன் பேசாமத்தான் இருந்தான். சேர்தான் விடாமக் கேட்டாரு. 'உன்னை ஒருத்தர் காட்டிக் குடுத்தவர்தானே, நீ சொல்லு, நீ சொல்லு'ன்னு."

"படம் சொல்லுறது குற்றமோ?"

"இல்லை. தேயிலை களவெடுக்கிறது குற்றம்." இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். "ஜாபிர், உள்ள வா."

ஸ்டோர் லொறி டிரைவர் ஜாபிர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். களவுத் தேயிலை போகிற வழியைத் தேடி, காலையில் ஹாலிஎலை ரோட்டில் லொறியை மறித்திருந்தார்கள். உரமூட்டைகளுக்கு அடியில் மூட்டை மூட்டையாகத் தோட்டத்துத் தேயிலை.

"ஏத்திவிட்டது கிஷாந்தன் சேர்தாங்க," என்றான் ஜாபிர். "கிளாக்கர் ஐயா கண்டுபுடிச்சிட்டாரு. ஞாயித்துக்கிழம பொழுது சாயுற நேரம், மருந்துக் கேன் ஒழுகுதுன்னு சொல்லிச் சேர் அவரைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. திரும்பி வர்றப்போ தனியாத்தான் வந்தாரு. எனக்குப் பயமுங்க... சொல்லல."

கிஷாந்தனின் வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

"நான் கெஞ்சினனான்," என்றார் மெதுவாக. "அவர் கேக்கேல்லை. திங்கக்கிழமை துரையிட்டச் சொல்லுவன் எண்டு ஒரே பிடி. என்ர வாழ்க்கை முடிஞ்சிடும்... நான் என்ன செய்யிறது?"

"பொட்டலம்?" கம்பிக்குப் பின்னாலிருந்து சதீஸ்குமாரின் குரல் வந்தது. "என் பையில தேயிலைய வச்சது?"

கிஷாந்தன் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அதுவே பதிலாக இருந்தது.

* * *

கூண்டு திறந்தது. சதீஸ்குமாருக்குச் சந்தோஷம் வரவில்லை. கம்பியைப் பிடித்தபடி வெளியே வந்தான். இன்ஸ்பெக்டர் பொறுக்காமல் அதை எழுதியிருந்தால், அவனே தன்னைத் தூக்கில் போட்டிருப்பான். அந்த மனிதர் கதவைப் பிராண்டியது இனி எத்தனை நாளைக்குக் காதில் கேட்குமோ... அவர் சாகட்டும் என்று ஒரு நொடி நினைத்ததும் அவன்தானே.

வெளியே மர நிழலில் அங்கம்மாவும் ரெங்கசாமியும் மற்றவர்களும் நின்றார்கள். யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. விஜயலெட்சுமி மட்டும் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடவில்லை.

"சதீஸ்குமார்." இன்ஸ்பெக்டர் வாசல்வரை வந்திருந்தார். கெசட்டை உறையில் போட்டபடி சிரித்தார். "எல்லார்கிட்டயும் கேட்டது. உன்னிட்டதான் கேக்கலை. அந்தப் படம் எப்படி? நல்லமா?"

சதீஸ்குமார் வாயைத் திறந்தான். மூடினான். மனைவியைப் பார்த்தான்.

பிறகு பணிவாகச் சொன்னான்.

"மொதல்ல கோர்ட்டு லோயர் ஐயா ஒருத்தர் வரட்டுங்க... சொல்றேன்."