திருப்பி வைத்த டப்பா

“அந்தக் கீழ் கோத்தகிரி ஃபேக்டரி டீ மேக்கருக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குதா, இல்லையா?”

அரவேணு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் தன் அப்பாவின் தேயிலைத் தூள் கடையில் நின்றுகொண்டு சைனம்பு இப்படிக் கேட்டாள். கேட்டது பக்கத்துக் கடையில் தையல் தைக்கும் ஜூடித்திடம். பதில் வந்ததோ வாசலிலிருந்து.

“இருக்குதுங்க... மழைல கொஞ்சம் அடைச்சிருக்குது. அவ்வளவுதான்.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்ச்சரிவின் தேயிலைத் தோட்டத்தை மொத்தமாக மறைத்துக்கொண்டு ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரைக்கடியில் ஓர் இளைஞன் ஒதுங்கி நின்றான். கையில், காற்று மடக்கிப்போட்ட குடை. இமைகளில் துளித்துளியாகத் தண்ணீர்... அதைத் துடைக்காமலே சிரித்தான்.

சைனம்புவுக்கு முகம் சூடாகிவிட்டது. ‘இவரா அவரு...’

அவரேதான். பேர் சுடலைமணி. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரியில் டீ மேக்கர். பறித்த இலை உள்ளே வருவதிலிருந்து தூளாகிப் பெட்டிக்குள் போகும்வரை எல்லாம் அவன் பொறுப்பு. மெஷினுக்கு பெல்ட் வாங்கப் போனவன். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதால் மழைக்கு ஒதுங்கியிருந்தான். சரிவு இந்த இடத்தில் விழாமல் இன்னொரு வளைவில் விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சைனம்பு வெட்கத்தைக் காட்டிக்கொள்ளாமல், வெள்ளித்தாள் ஒட்டிய பலகைப் பெட்டியை அவன் முன்னால் நகர்த்தினாள். “மூக்கு இருக்குதுன்னா மோந்து பாருங்க.”

அவன் குனிந்தான். அவளும் குனிந்தாள். ஒரே பெட்டிக்குள் இரண்டு தலைகள்... நெற்றியும் நெற்றியும் இடிக்கவில்லை, இடிக்கப் பார்த்தன. அவன் நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டீத்தண்ணியைப் போல, கறுப்புக்கு அடியில் ஒரு செம்பு மினுமினுப்பு. என்ன சொல்ல வந்தோம் என்பது அவனுக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று.

“வாசம் இருக்குதுங்க. ஆனா எங்குளுது இல்ல. பொட்டிய எப்பத் திறந்தீங்க?”

“வெள்ளிக்கிழமை.”

“அதானுங்களே. பாய் தொழுகைக்கு அத்தர் பூசிக்கிட்டு வந்திருப்பாரு. தூளு பிடிச்சுக்கிச்சு.”

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் செம்பு மினுமினுப்பு சட்டென்று அணைந்தது.

“அத்தருக்கும் கற்பூரத்துக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் டீ மேக்கரா இருக்கறீங்களாக்கும்...”

இங்கே தேயிலையின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர். அதை வாட்டி, நசுக்கி, சிவக்க விட்டு, கடைசியில் சூட்டில் காயவைக்கும்போது அந்தத் தண்ணீர் முழுக்கப் போய்விடுகிறது. காய்ந்த தூளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பொந்துகள். எல்லாம் காலி. காலியாக இருப்பது நிரம்பப் பார்க்கும் இல்லையா... பக்கத்தில் ஈரம் இருந்தால் ஈரத்தை இழுக்கும். வாசம் இருந்தால் வாசத்தை இழுக்கும். சோப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சோப்பு டீ. மீன் கூடைக்குப் பக்கத்தில் வைத்தால்... வேண்டாம்.

இது இருவருக்குமே தெரியும். ஆகவே சண்டை தூளைப் பற்றியது அல்ல, வாசம் யார் வீட்டுடையது என்பதைப் பற்றியது.

சைனம்பு ஒரு வழி சொன்னாள். இதே நாளில் கட்டிய பெட்டி ஃபேக்டரியில் இன்னொன்று இருக்கும். ஆணி பிடுங்காத பெட்டி. அதைத் திறந்து பார்க்கட்டும். அது சுத்தமாக இருந்தால், ஃபேக்டரி வாசலுக்கே வந்து அத்தனை பேர் முன்னால் அவள் மன்னிப்புக் கேட்பாள்.

“சுத்தமா இல்லீன்னா?” என்றான்.

“அத நீங்கதான் சொல்லோணும்.”

மழை விட்டது. பஸ் ஹார்ன் அடித்தது. ரெண்டு பேரும் இன்னும் பெட்டிக்குள்ளேயே எதையோ தேடுகிறீர்கள் என்று ஜூடித் சிரித்தாள். அவன் ஓடிப்போய் ஏறினான். மடங்கிய குடை கடை வாசலிலேயே கிடந்தது.

ஃபேக்டரியில் அந்தப் பெட்டியின் ஆணியைப் பிடுங்கியதுமே சுடலைமணிக்குத் தெரிந்துவிட்டது.

கற்பூரம்... அச்சுப்போல அதே வாசம்.

ஆயுத பூஜை அன்று நல்ல மழை. சாரல் அடிக்கக் கூடாதென்று சன்னல்களைச் சாத்திவிட்டு, சலிக்கும் அறைக்குள்ளேயே படத்தை வைத்து, தட்டு நிறையக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பக்கத்திலேயே, அன்று காலை காய்ந்து வந்த தூள் திறந்து கிடந்தது. மறுநாள் அதைத்தான் வெள்ளித்தாளுக்குள் அடைத்து ஆணி அடித்தார்கள். வாசம் வெளியே போக வழியே இல்லை.

சரி, இது தெரியாமல் நடந்தது. அவனை உறுத்தியது வேறு. அரவேணுவில் அவன் மூக்குக்குள் போனது கற்பூரம்தான். பிறந்ததிலிருந்து மோந்த வாசம். அப்படியிருக்க, வாயில் ஏன் அத்தர் வந்தது... மூக்கு ஒன்று சொல்ல, மனசு ஏன் இன்னொன்றைச் சொன்னது? யோசிக்க யோசிக்க அவனுக்கு ஒன்று புரிந்தது. நம் வீட்டு வாசம் நமக்கு வாசமாகவே தெரிவதில்லை. அது காற்று மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த வீட்டிலிருந்து வருவது மட்டும்தான் ‘வாசம்’.

பெட்டி கட்டும் பகுதியின் மேஸ்திரி காளிமுத்து அவனைத் தனியே கூப்பிட்டார். வேறு பெட்டி அனுப்பிவிடு, காரணம் மட்டும் சொல்லாதே என்றார். சாமிக்கு ஏத்தின கற்பூரத்தால் டீ கெட்டதென்று பாய் கடையில் போய்ச் சொன்னால், நாளைக்குக் கடைவீதியே நம்ம சாமியைக் கிண்டல் பண்ணும் என்றார்.

“சாமி பொட்டி கட்டலீங்களே அண்ணா. நாமதானே கட்டினோம்,” என்றான் சுடலைமணி.

மறுநாள் புதுப் பெட்டியோடு அவனே அரவேணுவுக்குப் போனான். கடையில் சைனம்புவோடு அவள் அத்தா நூருல்லாவும் இருந்தார். அவன் உட்காரவில்லை. ஆணி பிடுங்கியதை, பூஜையை, சாத்திய சன்னலை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். பிறகு நூருல்லாவைப் பார்த்து, “அத்தர்னு சொன்னது தப்புங்க. எனக்கே தெரிஞ்சிருக்கோணும்,” என்றான்.

சைனம்பு, சொல்லிக் காட்டுவதற்கென்று நேற்றிலிருந்து நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தாள். அவை எல்லாம் வீணாயின. தோற்ற ஆள் இவ்வளவு நிம்மதியாக நிற்பதை அவள் பார்த்ததே இல்லை.

அடுத்த வருஷம் பூஜைக்கு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

“சாமிய முன்வாசலுக்குக் கூட்டிக்கிட்டு வந்துடுவம்ங்க. அவருக்கும் கொஞ்சம் காத்து வரும்.”

அவள் சிரித்துவிட்டாள். பழுது பார்த்து வைத்திருந்த குடையை எடுத்து நீட்டினாள். செம்பு மினுமினுப்பு திரும்ப வந்திருந்தது...

அதன்பின் வியாழக்கிழமைதோறும் சாம்பிள் கொண்டு வருவது அவன் வேலையாயிற்று. இதற்கு முன் அது லாரிக்காரர் வேலை.

நூருல்லா தூள் வாங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வரிசையாகக் கிண்ணங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு தூள், ஒரே கொதிதண்ணீர், ஒரே நேரம். ஒவ்வொரு கிண்ணத்துக்குப் பின்னாலும் அந்தத் தூளின் டப்பா. பேர் எழுதிய பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்துவிட வேண்டும். கரண்டியில் எடுத்து சர்ரென்று தெரு கேட்க உறிஞ்சுவார். அப்படி உறிஞ்சினால் டீ பொடித்துளியாகச் சிதறி, உள்வழியாக மூக்குக்கு ஏறும். ருசியில் பாதி வேலை மூக்கினுடையது. பிறகு துப்பிவிட்டு, இது நல்லது, இது ஆகாது என்பார். அதற்கப்புறம்தான் டப்பாவைத் திருப்புவது. பேரைப் பார்த்தபின் சொன்னதை மாற்றக் கூடாது. ஆகாது என்று வருஷக்கணக்காக ஒதுக்கிய ஃபேக்டரியை ஒரு கரண்டியில் மாற்றி வாங்கிய மனுஷர் அவர். அதில் அவருக்குப் பெருமை.

கிண்ணம் கழுவும்போதும் டப்பா அடுக்கும்போதும் பேச்சு வளர்ந்தது. நோன்பு மாதத்தில் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் நாக்கு கூர்மையாகுமா என்று அவன் கேட்டான். ஆகும், அதனால் உங்கள் சரக்கை அந்த மாதம் கொண்டுவர வேண்டாம் என்றாள் அவள். வெள்ளிக்கிழமைகளில் அத்தாவின் அத்தர்ச் சட்டை மாட்டும் ஆணி, தூள் அறையிலிருந்து பின்கட்டுக்குப் போயிருந்தது. அவன் கவனித்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது...

மேட்டுப்பாளையத்திலிருந்து சைனம்புவுக்கு ஒரு வரன் வந்தது. அவள் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, வியாழக்கிழமைக் கிண்ணங்களை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். அவள் துடைத்த விதத்திலேயே ஆள் யாரென்று நூருல்லாவுக்குப் புரிந்தது. அவர் கத்தவில்லை. அந்த ஃபேக்டரிச் சரக்கு இனி வேண்டாம் என்று மட்டும் லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினார்.

சுடலைமணியும் வருவதை நிறுத்திக்கொண்டான். அவள் அத்தாவை ஏமாற்றிவிட்டு வந்து நிற்க அவனுக்கு மனசில்லை. வராத வியாழக்கிழமைகள்... பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் கண் தானாக வாசலுக்குப் போய்த் திரும்பும். ஓடிப்போகும் யோசனை அவளுக்கு வரவில்லை. அத்தா இல்லாத ஒரு வாழ்க்கையும், அவன் இல்லாத ஒரு வாழ்க்கையும்... இரண்டில் ஒன்றை எடு என்றால் அவளால் எடுக்க முடியாது.

ஆவணியில் ஒரு காலை, அத்தாவுக்கு முன்னால் மூன்று கிண்ணம் வைத்தாள். டப்பாக்கள் சுவரைப் பார்த்திருந்தன.

சர்... சர்... சர்.

“நடுவுலதுதான். நல்லா சிவந்து, நாக்குல நிக்குது. எவன் பண்ணினான்னு தெரியல, கை தெரிஞ்சவன்.”

நடு டப்பாவைத் திருப்பினார். கீழ் கோத்தகிரி... சுடலைமணி கடைசியாகக் கொண்டுவந்த சாம்பிள்.

வெளியே சாரல் தகரத்தில் மெல்லத் தட்டியது. நூருல்லா டப்பாவை மறுபடி சுவர் பார்க்கத் திருப்பினார்.

“பேரைப் பார்த்ததுக்கப்புறம் மாத்திச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானத்தா சொல்வீங்க?” சைனம்பு அதை மீண்டும் அவர் பக்கம் திருப்பினாள். “அவரு வந்து தப்புன்னு ஒத்துக்கிட்ட அன்னைக்கு ராத்திரி சோத்துல கைய வெச்சுக்கிட்டு என்ன சொன்னீங்க... இப்படி ஒரு பையன் நம்மள்ல இருக்கானான்னு. இப்ப பேரைப் பார்த்து மாத்தறீங்க.”

“டீயும் மனுசனும் ஒண்ணாம்மா?”

“இல்லத்தா. மனுசன ஒதுக்கினா அவனுக்கு வலிக்கும்.”

அவர் கிண்ணங்களை ஒவ்வொன்றாக ஓரமாக நகர்த்தினார். கடைசியில், “எனக்குக் கொஞ்சம் நாள் வேணும்,” என்றார். முடியாது என்று சொல்லவில்லை. சைனம்பு அந்த ஒரு சொல் இல்லாததைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. காலையில் அத்தா வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டார். அத்தர் பூசவில்லை. “கிளம்பும்மா, ஃபேக்டரிக்குப் போகலாம்,” என்றார். எதற்கு என்று கேட்க அவளுக்குப் பயம்.

கீழ் கோத்தகிரி ஃபேக்டரியின் முன்வாசலில் பந்தல் போட்டுப் படத்தை வைத்திருந்தார்கள். சலிக்கும் அறை பூட்டியிருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்து, புகை சரிவைப் பார்த்துப் போயிற்று. தூள் பக்கம் ஒரு இழைகூடத் திரும்பவில்லை. நூருல்லா தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். காளிமுத்து அண்ணா தயங்கித் தயங்கிப் பொரிப் பொட்டலம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

“நம்ம தம்பி பேச்சக் கேட்டுத்தானுங்க வெளிய வெச்சோம்,” என்றார் காளிமுத்து. “மொதல்ல நான் ஒத்துக்கல. இப்பப் பார்த்தா, பூஜைக்கு இதுதான் நல்லா இருக்குது.”

“மொதல்ல ஒத்துக்காதவங்கதான் நாம எல்லாருமே,” என்றார் நூருல்லா.

சுடலைமணி ஓடி வந்து எதிரே நின்றான்.

“உங்க ஊட்டுல என்ன சொல்றாங்க?” என்றார் அவர்.

அம்மா அழுதாள், பிறகு அந்தப் பெண் டீக்குச் சர்க்கரை போடுவாளா கருப்பட்டி போடுவாளா என்று கேட்டாள் என்று உள்ளதைச் சொன்னான்.

“யாரும் யார் பேரையும் மாத்த வேண்டாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதிக்குடுத்து, ஒரு மாசம் பொறுத்திருந்தா, ரெண்டு பேரும் அவங்கவங்க மார்க்கத்துலயே இருந்துக்கிட்டுக் கட்டிக்கலாம்னு சட்டம் இருக்குதாம். வக்கீல்கிட்ட விசாரிச்சேன்.” தொண்டையைச் செருமினார். “ஜமாத்துல நாலு பேர் என்னைப் பேசுவாங்க. பேசட்டும். போன வருசம் வேற ஒருத்தன் ஊட்டுல இப்படி நடந்தப்ப நானும் அந்த நாலு பேர்ல ஒருத்தன்தான்.”

சொல்லிவிட்டு மெஷினைப் பார்க்கக் காளிமுத்துவோடு உள்ளே நடந்துவிட்டார்.

தூறல் ஆரம்பித்தது. சுடலைமணி குடையை விரித்தான். அவள் பழுது பார்த்துக் கொடுத்த அதே குடை. ஒரு கம்பி மட்டும் புதுசு. குடைக்குள் இரண்டு தலைகள்... இப்போது நடுவில் பெட்டி இல்லை.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குதுங்க,” என்றான். “கேள்விப்பட்டிருப்பீங்க. நான் இன்னும் சொல்லல, அதான் சொல்லிட்டேன்.”

அவள் மழையைப் பார்த்தாள்.

“நானும் ஒண்ணு சொல்லோணும்... போன வருசம் அந்தப் பொட்டிய லாரிலயே திருப்பி அனுப்பியிருக்கலாம். நான்தான் வெச்சுக்கிட்டேன்.”

“எதுக்குங்க?”

“கற்பூரத்துக்கு அடியில ஒரு டீ இருந்துச்சு. அவ்வளவு நல்ல டீ. இதப் பண்ணின ஆளு யாரு, நேர்ல வந்தா பார்க்கலாமேன்னு...” செம்பு நிறக் கண்கள் நிமிர்ந்தன. “டப்பா திரும்பி இருக்கும்போதே எனக்குப் பிடிச்சுப்போச்சு. அப்புறம் பேரைப் பார்த்தேன். சொன்னதை மாத்தல.”