கல்யாணசுந்தரம் வீட்டு ஆறு அலாரங்கள்

மிருணாளினிக்கும் லக்சனுக்கும் நாற்பத்தொரு நேயர்கள் இருந்தார்கள். பதினோரு வயதில் அது லேசான விஷயமில்லை. மிருணாளினியின் அப்பா நடத்தும் அலுவலகக் கூட்டத்துக்கே ஏழு பேர்தான் வருவார்களாம். அதிலும் இரண்டு பேர் தூங்குவார்களாம்.

இருவரும் மெல்பனில், ட்ருகனினாவில், ஒரே பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் மிருணாளினியின் வீட்டில் 'பிரித்துப் பார்ப்போம்' என்ற பாட்காஸ்ட்டைப் பதிவு செய்வார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அது வெளியாகும். வாரத்துக்கு ஒரு கெட்டுப்போன சாமான். லக்சன் அதைத் திருப்புளியால் பிரிப்பான். உள்ளே என்ன இருக்கிறது என்று மிருணாளினி விளக்கிச் சொல்லுவாள். பிரித்ததைத் திரும்பப் பூட்டுவது மட்டும் எல்லா வாரமும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

பதிவு நடப்பது வீட்டு நடைவழியில். எதிரொலி வராமலிருக்க இருவரும் ஒரு கனத்த போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொள்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் போர்வை தானாகப் பேசுவது போலிருக்கும்.

நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிக்குக் 'கருத்துப் பெட்டி' என்று பெயர். நேயர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த கடிதங்களை மிருணாளினி அதில் படிப்பாள். நேயர்கள் எல்லோரும் பெரியவர்கள். பெரும்பாலும் இன்ஜினியர்கள். ஒரு டோஸ்டரைப் பற்றிப் பத்து பேர் மூன்று நாள் வாதாடக்கூடியவர்கள்.

வாரம் தவறாமல் எழுதுகிறவர் கிளென் வேவர்லியில் தனியாக வசிக்கும் கல்யாணசுந்தரம் அங்கிள். டோஸ்டர் வாரத்தில் அவர் இப்படி எழுதியிருந்தார்:

"நிகழ்ச்சி அருமை. நடுவில் எங்கள் வீட்டுப் புகை அலாரம் 'கீச்' என்று கத்திவிட்டது. ஏணியைத் தேடப் போனதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மன்னிக்கவும்."

இங்கே ஆஸ்திரேலியாவில் எல்லா வீட்டுக் கூரையிலும் அப்பளம் அளவுக்கு வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். புகை வந்தால் அது ஊரைக் கூட்டும். பாட்டரி தீரும் நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு தரம் 'கீச்' என்று முனகும். அதைத்தான் அவர் எழுதியிருந்தார்.

அடுத்த நிகழ்ச்சியில் மிருணாளினி இதற்கென்றே மூன்று நிமிடம் ஒதுக்கினாள்.

"அங்கிள், புகை அலாரத்தை அலட்சியம் பண்ணக் கூடாது. உடனே பாட்டரியை மாத்திடுங்க. மத்தவங்களும் அவங்கவங்க வீட்டுல ஒரு தடவை காது குடுத்துக் கேளுங்க" என்றாள். டீச்சர் மாதிரிப் பேசியதில் அவளுக்கே ஒரு பெருமை.

நேயர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். அங்கேதான் வினை தொடங்கியது.

அந்தச் சனிக்கிழமை மட்டும் பத்தொன்பது வீடுகளில் 'கீச்' கேட்டது. பத்தொன்பது வீடுகளில் ஏணி வெளியே வந்தது. அடுத்த சனிக்கிழமையும் கீச் கேட்டது. குழு சூடுபிடித்துவிட்டது.

சிட்னியில் கிரவீனில் இருக்கும் பிரதீப்குமார் ஓர் அட்டவணையே தயாரித்து அனுப்பினார். "கவனியுங்கள். எல்லா அலாரமும் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒன்பது இருபது வரை மட்டுமே கத்துகின்றன. வார இறுதியில் மின்சாரத்தில் ஏதோ மாற்றம் நடக்கிறது."

ரஞ்சினி அன்ரி குரல் செய்தி அனுப்பினார். "புது பாட்டரி போட்டும் கத்துது. எங்கட வீட்டுக்காரர் ஏணியில ஏறி இறங்கிக் களைச்சுப்போனார். ஒரு விசயம், பிள்ளைகளின்ர நிகழ்ச்சி முடிஞ்சதும் அதுவும் நிண்டுடுது. அலாரத்துக்கும் இந்த நிகழ்ச்சி பிடிச்சிருக்குப் போல."

அதற்கு இருபத்திரண்டு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். இருபத்திரண்டு இன்ஜினியர்களில் ஒருவர்கூட அதைத் தாண்டி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணசுந்தரம் அங்கிளிடமிருந்து ஒரு படம் வந்தது. மேசை மேல் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஆறு அலாரங்கள்.

"ஆறையும் கழற்றிவிட்டேன். புதன்கிழமை குப்பை வண்டியில் போகின்றன. காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நிம்மதி."

கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். "நல்ல யோசனை", "நாங்களும் கழற்றப் போகிறோம்" என்று ஐந்து பேர் எழுதியிருந்தார்கள்.

மிருணாளினி அந்த டின்னை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். போன வருடம் தீயணைப்புப் படையினர் பள்ளிக்கு வந்திருந்தார்கள். அலாரம் இல்லாத ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார்கள். படத்தில் வீட்டைக் காணோம், புகைபோக்கி மட்டும் நின்றது. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கிளோ தனியாக இருக்கிறவர். அவரை அலாரத்தைப் பார்க்க வைத்ததே அவள்தான்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் போனில் அவருக்கு வீடியோ அழைப்புப் போட்டாள்.

"அங்கிள், நான் மிருணாளினி. அந்த ஆறு அலாரத்தையும் குப்பையில போட்டுடாதீங்க. திரும்ப மாட்டிடுங்க, ப்ளீஸ்."

"அதெல்லாம் முடியாதும்மா. ரெண்டு நாளா வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா? ஒரு சின்னச் சத்தம்கூட..."

அவர் பாதியில் நிறுத்தினார். மெதுவாகத் திரும்பிப் பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

"என்னாச்சு அங்கிள்?"

"கத்திச்சும்மா."

"எது?"

"டின்னுக்குள்ள இருந்து. பாட்டரியே இல்லாம கத்துது."

அவர் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தார். இருவரும் காத்திருந்தார்கள்.

"இப்பவும் கத்துது" என்றார் அங்கிள். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. இப்போது டின்னைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார்.

"ம்ஹூம். இப்பவும் கேக்குது. முப்பத்தெட்டு வருஷம் இன்ஜினியரா இருந்தேன். பேய் பிசாசு எதையும் நம்பினதில்லை. இப்போ யோசிக்க வேண்டியிருக்கு."

மிருணாளினியும் யோசித்தாள். டின் காருக்குப் போய்விட்டது. அங்கிள் வீட்டுக் கூரையில் ஒன்றுமில்லை. அங்கே மிச்சமிருப்பது மேசை, நாற்காலி, அங்கிள், அப்புறம் அந்தப் போன். போனுக்குள் இருப்பது... அவள்.

"அங்கிள், போனைக் கட் பண்ணாதீங்க. நான் வெளியில தோட்டத்துக்குப் போறேன். சத்தம் கேட்டா சொல்லுங்க."

தோட்டத்தில் நின்றாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று.

"ஒண்ணும் கேக்கலை" என்றார் அங்கிள்.

அவள் வீட்டுக்குள் வந்தாள். "இப்போ?"

"இதோ. கேட்டுது."

சமையலறையில் நின்றாள். "கொஞ்சமா கேக்குது" என்றார். நடைவழிக்கு வந்தாள். வாரந்தோறும் போர்வையைப் போட்டுக்கொண்டு உட்காருவார்களே, அதே இடம்.

"அப்பப்பா, காதைப் பிளக்குது" என்றார் அங்கிள்.

மிருணாளினி மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு நேர் மேலே, கூரையில், வெள்ளையாக ஒன்று. அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கியது.

கீச்.

தன் வாழ்நாளில் முதல் தடவையாக அதைக் கேட்டது போலிருந்தது அவளுக்கு.

அம்மா துணிக்கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். "அதுவா? ஜனவரி கடைசியில ஸ்கூல் திறந்த நாள்லேர்ந்து கத்திட்டுத்தானே இருக்கு. ஆறு வாரமாச்சு. பழகிப்போச்சு. உங்கப்பாகிட்ட சொன்னா, ஏப்ரல்ல கோடை நேரம் முடிஞ்சு எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைக்கிற அன்னிக்குத்தான் பாட்டரி மாத்தணும், அதுதான் முறைங்கிறார்."

"அம்மா, நான் ஊருக்கே பாட்டரி மாத்தச் சொல்லி மூணு நிமிஷம் பேசியிருக்கேன். இதுக்குக் கீழ உக்காந்து."

அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழனிப் பானையில துள்ளி" என்றாள். போனில் அங்கிள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மிருணாளினிக்கு முகம் சுட்டது. "அங்கிள், நாளைக்கு எதையும் குப்பையில போடாதீங்க. வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை லக்சன் வந்ததும் அவனைக் கூரையைப் பார்க்கச் சொன்னாள்.

கீச்.

"ஓ, அது அலாரமா?" என்றான் லக்சன். "நீங்கள் குருவி வளர்க்கிறியள் எண்டெல்லோ நினைச்சனான்."

"உனக்குக் கேட்டுதா? எப்போலேர்ந்து?"

"முதல் நாளே கேட்டது. குருவிக்கு என்ன பேர் எண்டு ஒவ்வொரு கிழமையும் கேக்க நினைக்கிறனான். ஆனா ஒருத்தரின்ர வீட்டுக்குப் போய் அது என்ன, இது என்ன எண்டு துருவக் கூடாதெண்டு அம்மா சொன்னவா."

மிருணாளினி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

லக்சன் கொஞ்சம் யோசித்தான். "ஒண்டு செய்வம். சத்தம் போடாமல் பாட்டரியை மாத்துவம். நாளைக்குக் கீச் கேக்காது. தாங்கள்தான் திருத்தினது எண்டு எல்லாரும் சந்தோசப்படுவினம். எங்களுக்கும் மானம் போகாது."

அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. நாற்பத்தொரு பேரில் பாதிப் பேர் சிரித்துவிட்டு விலகிப் போய்விட்டால்? இவ்வளவு நேயர்களைச் சேர்க்க ஒரு டோஸ்டர், இரண்டு ரிமோட், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு ரேடியோ பலியாகியிருந்தன.

"ஆனா கழட்டினவங்க?" என்றாள். "பாட்டரி மட்டும் மாத்தினா, கழட்டினதுதான் சரின்னு நினைச்சிடுவாங்க. அங்கிள் வீட்டுல ஆறு. மத்த அஞ்சு பேர் வீட்டுல எத்தனையோ. தீப்பிடிச்சா யார் கத்துறது?"

லக்சன் மூலையில் நின்ற ஏணியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அப்ப இண்டைக்குப் பிரிக்கிறது இதைத்தான்" என்றான்.

மிருணாளினியின் அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அலாரம் கீழே வந்தது. போர்வை விரிந்தது.

"வணக்கம். இன்னிக்கு நாங்க பிரிக்கப்போறது ஒரு புகை அலாரம். உங்களுக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்ச அலாரம். ஆறு வாரமா உங்க வீட்டுல கத்தினது இதுதான்."

அலாரமும் தன் பங்குக்குக் கீச் என்றது.

நடந்ததையெல்லாம் மிருணாளினி ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் வீட்டில் கேட்காமல் ஊருக்குச் சொன்னதையும் சொன்னாள். லக்சன் குருவிக் கதையைச் சொன்னான்.

"உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்களோடது, மன்னிச்சுக்குங்க. கழட்டின அலாரத்தையெல்லாம் இன்னிக்கே மாட்டிடுங்க. இனிமே எந்தச் சத்தம் கேட்டாலும் முதல்ல எங்க நிகழ்ச்சியை நிறுத்திப் பாருங்க. சத்தம் நின்னா அது எங்க வீடு. நிக்கலைன்னா உங்க வீடு."

லக்சன் புது பாட்டரியை மாட்டி, அலாரத்தைத் திரும்பப் பூட்டினான். இந்த முறை ஒரு திருகாணிகூட மிச்சம் வரவில்லை.

சனிக்கிழமை ஒன்பது இருபதுக்கு நிகழ்ச்சி முடிந்தது. குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஒன்பதரைக்கு நேயர் எண்ணிக்கை நாற்பதாகக் குறைந்தது. மிருணாளினிக்கு அழுகையே வந்துவிட்டது. விலகியது யாரென்று பார்த்தாள்.

அப்பா.

"எல்லார் முன்னாலயும் என் கடிகார முறையைச் சொல்லிட்டியே" என்றார் அவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

அதற்குள் குழு விழித்துக்கொண்டது. பிரதீப்குமார் முதலில் எழுதினார்: "அட்டவணையை அழித்துவிட்டேன். இதைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம்." எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். "எங்கட வீட்டுக்காரர் ஏணியை விட்டு இறங்கிட்டார். குருவிக்கு ஒரு பேர் வையுங்கோ" என்றார் ரஞ்சினி அன்ரி. ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லி, மூன்று நாள் வாதாடினார்கள். புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். அப்பாவும் திரும்பி வந்தார். கல்யாணசுந்தரம் அங்கிள் மட்டும் ஒரு படம் அனுப்பினார். படத்தில் பிஸ்கட் டின் காலியாக இருந்தது.

அடுத்த வாரம் ஹேர் டிரையரைப் பிரித்தார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கிளின் கடிதம் வந்தது. மிருணாளினி லக்சனுக்குப் போன் போட்டு, உரக்கப் படித்தாள்.

"நிகழ்ச்சியைக் கேட்டபடியே அடுப்பில் எண்ணெயை வைத்தேன். ஹேர் டிரையருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் ஆர்வத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன். அலாரம் கத்தியது. 'பிள்ளைகள் இன்னும் பாட்டரி மாற்றவில்லை' என்று சிரித்துக்கொண்டேன். இரண்டாவது கத்தியது. பிறகு ஆறும் சேர்ந்து கத்தின. அப்போதுதான் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, நிகழ்ச்சியை நிறுத்திப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். சட்டி கரியாகிவிட்டது. வீடும் நானும் முழுசாக இருக்கிறோம். தங்கள் தகவலுக்கு: இந்த முறை என் வீடுதான்."