பன்னிரண்டு வோல்ட்

"மின்சாரத்தின் முன்னே மரணம் என்று ஒன்றில்லை, சரியான வோல்டேஜுக்காகக் காத்திருத்தல் மட்டுமே உண்டு." இந்த மகாவாக்கியத்தை ஆர்விட் மாக்கி தன் கையாலேயே பலகையில் சுட்டு எழுதி, நிலவறையில் தன் வேலை மேசைக்கு மேலே மாட்டியிருந்தார். பலகை சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் பழைய பெஞ்சிலிருந்து அறுத்தது. மாக்கி குடும்பத்தார் தலைமுறைக் கணக்கில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்த தடம், 'மரணம்' என்ற சொல்லுக்குச் சற்றுக் கீழே, இன்னும் வழவழவென்று தெரியும்.

ஆர்விட், ஹான்காக் வட்டாரத் தொன்மைக் கணினிப் பாதுகாப்புப் பேரவையின் நிறுவனத் தலைவர். பேரவையில் இரண்டு பேர். மற்றவர் டோய்வோ, துணைத் தலைவர், செயலாளர், தலைவருடைய மனைவி லொரெய்னின் தம்பி.

அந்தக் குளிர்காலத்தில் பேரவையின் முன்னால் ஒரே ஒரு வரலாற்றுக் கடமை இருந்தது. தொண்ணூறுகளின் ஒரு கம்ப்யூட்டரை ஓடும் நிலையில் நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது, பக்கத்தில் தலைவரின் பெயரைப் பித்தளையில் வைப்பது. பித்தளை தயாராகிவிட்டது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை மட்டும் செத்துக் கிடந்தது. அதற்கு மாற்றாகத்தான் லூத்தரன் சர்ச்சின் பழைய சாமான் விற்பனையில், கறி அடைத்த ஒரு பேஸ்டி ரொட்டி வாங்கும் காசுக்கு, இந்தப் பழைய பவர் சப்ளைத் தகரப் பெட்டியை வாங்கிவந்தார். விற்ற அம்மாள் அதைக் கையால் தொடாமல் அட்டைப்பெட்டியோடு தள்ளினாள். "எடுத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போங்க. அந்த வீட்டுல இப்ப யாருமே இல்ல" என்றாள்.

மேசையில் எடுத்து வைத்தபோது அதன் விசிறி சுற்றியது. ஒரு சுற்று. நின்றது. பிறகு அரைச் சுற்று.

நிலவறையில் காற்று கிடையாது. இருந்த ஒரே சன்னலைப் பனி மூடி இரண்டு வாரமாகிறது.

"காற்றோட்டம்" என்று ஆர்விட் தனக்குத்தானே அறிவித்துக்கொண்டார்.

மேசைக்கு வலப்பக்கம், உத்தரத்தை ஒட்டி, வீட்டைச் சூடாக்கும் தகரக்குழாய் போகிறது. அதன் வாய் நேரே மாடிப் படுக்கையறையில் லொரெய்னின் கட்டிலருகே திறக்கிறது. அதனால் அவளுடைய ஆக்ஸிஜன் மெஷினின் சத்தம் இரவும் பகலும் கீழே கேட்கும். ஒரு நீண்ட உறுமல், ஒரு சின்ன 'புஸ்'. உறுமல், புஸ். நுரையீரல் கெட்டு நான்கு வருடமாக அந்த மெஷின்தான் அவளுக்கு மூச்சு. மின்சாரம் போனால் மெஷின் தானே வீரிட்டு அலறும். அலறினால் ஆர்விட் மேலே ஓடி, அலமாரியோரம் நிற்கும் மாற்று ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருகித் திறக்க வேண்டும். மூட்டு வீங்கிய அவள் விரல்களுக்கு அந்தத் திருகு அசையாது. இவ்வளவுதான் ஏற்பாடு. எளிய ஏற்பாடு.

டோய்வோவுக்கு அது போதவில்லை. காப்பிக் கோப்பையோடு படியில் உட்கார்ந்துகொண்டு பியூஸ் பெட்டியையே பார்த்தார்.

"தலைவரே, அக்கா ரூமும் உங்க மேசையும் ஒரே பியூஸ்லதான இன்னும் இருக்கு?"

"எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லியாச்சு."

"போன வருசமும் சொல்லியாச்சு."

"டோய்வோ, இந்த வட்டாரத்துலயே பாதுகாப்பான மேசை இது. பாரு, இடது கை எங்க இருக்கு?"

இடது கை கால்சட்டைப் பையில் இருந்தது. மின்சாரம் ஓடும் எதையும் ஒரு கையால்தான் தொடவேண்டும், மறு கை பையில் கிடக்க வேண்டும், அப்போதுதான் ஷாக் நெஞ்சின் குறுக்கே பாயாது என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. ஆர்விட் அதைச் சோறு தின்னும்போதுகூடக் கடைப்பிடிப்பார்.

"கை நல்லாத்தான் இருக்கு. அக்காவை எந்தப் பையில வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு டோய்வோ போய்விட்டார்.

ஆர்விட் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது தூசி என்றால் தூசிதான். ஆனால் வெறும் தூசியாக இல்லாமல், ஒருவர் பல வருடம் படுத்தே கிடந்த அறையின் கட்டிலடியில் சேரும் மெத்தென்ற சாம்பல் நிறப் பஞ்சாக, கற்பூரத் தைலமும் பழைய போர்வையும் கலந்த வாசனையோடு, ஈரமில்லாமலே ஈரம்போல விரலில் ஒட்டியது. விசிறியின் தண்டில் ஒரு நீண்ட வெள்ளை முடி சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்களின் தலைகள் உப்பி வெடித்து, பழுப்பு நீர் கசிந்து காய்ந்திருந்தன. ஈயம் பற்றவைக்கும் கோலின் சூடு பட்டதும் அவை அழுகிய மீனாக நாறின.

குழாய் வழியாக லொரெய்னின் குரல் வந்தது. "ஆர்விட், மீனா வறுக்கிற?"

"கெபாசிட்டர்."

"அதுக்கு உப்பு போட்டியா?" சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் நெடுநேரம் போயிற்று. உறுமல், புஸ். உறுமல், புஸ்.

செவ்வாய்க்கிழமை, வோல்ட் அளக்கும் மீட்டரின் பேட்டரி தீர்ந்துபோனது. கடைக்குப் போகும் சாலையைப் பனி மூடியிருந்தது. நல்லவேளையாக வீட்டிலேயே ஒன்று தேறியது. புதுக் கெபாசிட்டர்கள் ஏறின. பெரிய கெபாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை முறைப்படி வடித்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது. மறுநாள் காலை வைத்துப் பார்த்தார். நான்கு வோல்ட்.

வடித்தார். மதியம் ஆறு.

"கெபாசிட்டருக்கு ஞாபகம் உண்டு. வடிச்சாலும் கொஞ்சம் திரும்ப ஊறும்" என்று போனில் டோய்வோவுக்குப் பாடம் நடத்தினார்.

"உங்களைவிடத் தேவலை, தலைவரே."

கொஞ்சம் ஊறும் என்பது உண்மை. ஆனால் எங்கிருந்தோ இழுத்துக்கொள்வதுபோல ஊறாது என்பதும் ஆர்விட்டுக்குத் தெரியும். மீட்டர் ஏழைக் காட்டிய சாயங்காலம் லொரெய்ன் குழாயருகே வந்து சொன்னாள்: "மெஷின் ஓடுது, காத்துதான் கொஞ்சமா வர்ற மாதிரி இருக்கு."

"ஃபில்டர் அடைச்சிருக்கும். சனிக்கிழமை பாக்கிறேன்."

சனிக்கிழமை, இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும் அந்த நேரத்தில், பெட்டியை மூடித் திருகினார். முதல் சோதனைக்குக் குண்டு பல்பைத் தொடரில் மாட்டுவது வழக்கம். கோளாறிருந்தால் பல்புதான் எரியும், பியூஸ் தப்பிக்கும். பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. தேர்ச்சி. பல்பைக் கழற்றினார். இடது கையைப் பையில் விட்டுக்கொண்டு, பிளக்கை நேரே சுவரில் செருகினார்.

பட் என்றது. மேசை விளக்கு போனது.

இருட்டில் மீன் நாற்றம் ஏறியது. பனி மூடிய சன்னல் மட்டும் பழைய பாலாடை நிறத்தில் தெரிந்தது. ஆர்விட் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாடியிலிருந்து அந்த அலறல் வருகிறதா என்று காதைத் தீட்டினார், வரவில்லை, அதற்குப் பதிலாக, இருட்டுக்குள் நிதானமாக, தெளிவாக, எப்போதும்போல ஒரு நீண்ட உறுமலும் ஒரு சின்ன 'புஸ்'ஸும் கேட்டன.

மேலே மெஷின் ஓடுகிறது. அப்படியானால் பியூஸ் தனித்தனிதான். முன்பு ஒயரிங் செய்தவர் எவரோ பிரித்துவைத்திருக்கிறார். டோய்வோவிடம் இதை எந்த வார்த்தைகளில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடியே, அவசரமில்லாமல், இழுப்பறைகளில் மாற்று பியூஸைத் தேடினார். ஆணிகள். பித்தளைப் பெயர்ப் பலகை. உடைந்த பென்சில். உறுமல், புஸ். வெளியே எடுத்த ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் திரும்ப வைத்தார். உறுமல். புஸ். காப்பிகூட ஒரு வாய் குடித்தார். ஆறியிருந்தது.

பிறகுதான் கவனித்தார்.

குழாய் வலப்பக்கம் இருக்கிறது. சத்தம் இடப்பக்கமிருந்து வந்தது.

வலது கையை நீட்டிக் குழாயின்மேல் வைத்தார். சில்லிட்ட தகரம். அதற்குள் சத்தமே இல்லை. நான்கு வருடத்தில் முதல்முறையாக, ஒன்றுமே இல்லை.

பெட்டியின் பக்கம் திரும்பினார். பிளக்கைப் பிடுங்கினார். கையில் பிளக். அதன் இரண்டு பித்தளைக் காலும் கையில்.

விசிறி சுற்றியது. உறுமல். நின்றது. புஸ்.

சூடான காற்று மணிக்கட்டில் பட்டது. ஈரமான சூடு. கற்பூரத் தைலம். இரவில் லொரெய்ன் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம்.

"லொரெய்ன்" என்று குழாயைப் பார்த்துக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். "லொரெய்ன்."

பதில் விசிறிக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மெல்ல. மிகப் பக்கத்தில்.

"ஆர்விட். சிலிண்டர்."

படி பின்னால் இருந்தது. கால் நகரவில்லை. இடது கை பையிலேயே இருந்தது. விதி அது. மேசையில், மஞ்சள் ஒயரில் மாட்டியபடியே மறந்துபோன மீட்டர் தன் சின்னப் பச்சை வெளிச்சத்தில் எண் காட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. சரியான வோல்டேஜ். ஒரு வருடம் உழைத்தாலும் இதைவிடச் சரியாக வராது.

உறுமல். புஸ். பதினொன்று.

"ஆர்விட்."

புஸ். ஒன்பது.

விசிறிக் கம்பிகளின் இடுக்கில் ஒரு நீண்ட வெள்ளை முடி வெளியே வந்து ஆடியது. லொரெய்னின் முடியும் வெள்ளைதான். உள்ளே இழுபட்டது. மறுபடியும் வெளியே. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக.

ஆறு.

நான்கு.

உறுமல் வந்தது. புஸ் வரவில்லை.

மீட்டரின் எண்கள் மட்டும் இருட்டில் மங்காமல் நின்றன. பேட்டரி நல்ல பேட்டரி. செவ்வாய்க்கிழமை லொரெய்ன் தூங்கும்போது அவளுடைய மெஷினின் அலாரத்திலிருந்து அவர் கழற்றியது, வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்று.