இசக்கியின் களைப்பு

“நிக்க முடியுதாட்டி?”

“முடியல மாஸ்டர்,” என்றாள் ஸ்ட்ரெச்சரில் கிடந்த இசக்கி.

“ஒன்னய யாரு கேட்டா? பெமினாவக் கேக்கேன்.”

பெமினா நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கபடி அணியில் அவள் நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன என்று எவரும் கவலைப்பட்டதில்லை. உட்கார்ந்திருப்பதற்குத்தான் அவளுக்குச் சீருடையே கொடுத்திருந்தார்கள். ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு. அவளுடைய இரண்டு தொடைகளிலும் இறுக்கிப் பிடித்த கறுப்பு உறைகள். அதே போன்ற உறைகள் இசக்கியின் தொடைகளிலும் இருந்தன. அவற்றுக்குக் கீழே, வலது முழங்கால் மட்டும் பனங்காய் போல வீங்கிக் கிடந்தது.

களைப்புமாற்றி என்ற இந்த உறைகள் வந்ததே முழங்கால்களைக் காப்பாற்றத்தான். ஆட்டத்தின் கடைசி நேரத்தில் தொடைத் தசைகள் ஓய்ந்துபோகும். தாவி இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கும். மூட்டுக்குள் இருக்கும் நாண் அறுந்துவிடும். அப்படி வீட்டுக்குப் போன பெண்கள் ஏராளம். தசை ஓயவே ஓயாவிட்டால்? உறை ஒருத்தியின் களைப்பை உறிஞ்சி, பெஞ்சில் இருக்கும் இன்னொருத்தியின் தொடைகளில் இறக்கிவைத்தது. விதிகளில் அவளுக்குப் பெயர் களைப்பேற்பாளர். பிள்ளைகள் ‘தாங்கி’ என்றார்கள். பணக்கார அணிகளில் ஆளுக்கொரு தாங்கி உண்டு. இங்கே இசக்கிக்கு மட்டும்தான்.

பெமினாவும் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவளாகத்தான் அணிக்கு வந்தாள். “ஒரு சீசன் தாங்கியா இருந்து பொறுட்டி,” என்றார் சவரிமுத்து மாஸ்டர். அந்த ஒரு சீசன் நாலு வருஷமாகிவிட்டது. இசக்கி விடியலில் ஆரம்பித்து விளக்கு போடும்வரை பயிற்சி செய்வாள். பெமினா சுவரைப் பிடித்துக்கொண்டு விடுதிப் படியேறுவாள். “நான் ஓடுதேன், ஒனக்கு வேர்க்கு பாரு!” என்று இசக்கி விழுந்து விழுந்து சிரிப்பாள். தூங்கி எழுந்தால் களைப்பு கரையும். காலையில் மறுபடி ஏறும்.

இன்று இசக்கி விழுந்தபோது அவளை யாரும் தொடக்கூட இல்லை. கோட்டுக்கு அந்தப்பக்கம் தாவினாள், இறங்கினாள், ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

“தொடை கல்லு மாதிரி இருக்கே! பெறகு முட்டு எப்படிப் போச்சு?” மாஸ்டருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த பிசியோ அக்கா தலை நிமிராமல் சொன்னாள். “தசைதான் மாஸ்டர் களைக்கும். களைச்சா ஆளு நின்னுரும். இவ எங்க நின்னா? நாலு வருசமா ஓடிக்கிட்டேல்லா இருந்தா. உள்ள இருக்க நாணுக்குக் களைக்கத் தெரியாது. அறுந்துதான் சொல்லும்.”

மாற்று ஆட்டக்காரிகள் எல்லாரும் ஏற்கெனவே இறங்கியாயிற்று. பட்டியலில் மிச்சமிருந்த பெயர் பெமினா. ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். இன்னும் ஒருத்தி பாடிப் போய்வரத்தான் நேரம் இருந்தது. இந்த ஆட்டத்தோடு பெமினாவின் வயது வரம்பும் முடிகிறது. இன்று கோட்டைத் தாண்டாவிட்டால், கபடி விளையாடியவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒன்றும் இருக்காது.

அவள் எழுந்தாள். இரண்டு கால்களும் ஈர மணல் மூட்டைகளாகக் கனத்தன. ஓர் அடி வைத்ததுமே வலது முழங்கால் உள்பக்கமாக நழுவியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, தாங்கி வாராட்டி!” எதிரணியில் ஒருத்தி கத்தினாள். “தாங்கிக்கு ஒரு தாங்கி குடுங்க!”

“இந்தக் காலோட தாவுனா நீயும் இவ பக்கத்துலதான் படுப்ப,” என்றாள் பிசியோ அக்கா.

பெமினாவுக்கு அது தெரியும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்தக் கனத்தில் தன்னுடையது ஒரு துளிகூட இல்லை. அவள் இன்று ஓடவே இல்லையே!

“அக்கா, இத திருப்பி அனுப்பலாமா?”

“யாருக்கு? அந்த ரெண்டு சோடி உறையும் ஒங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் பேசும்.”

“இவளுக்குத்தான்.”

பிசியோ அக்காவின் கை நின்றது. “கிறுக்கா பிடிச்சிருக்கு? நாணு போயாச்சு. மூட்ட இப்பப் பிடிச்சு வச்சிருக்கதே அந்தத் தொடைத் தசைதான். அதுவும் தளந்துட்டா மிச்சமும் சேந்து போயிரும். அவளே சம்மதிச்சாத்தான் உறை வாங்கும். எவ சம்மதிப்பா?”

மாஸ்டர் வேண்டாம் என்று சொல்வார் என்று பெமினா காத்திருந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர் விசில் ஊதி இவர்கள் பக்கம் கை காட்டினார்.

இசக்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“எப்படிட்டி இருக்கும்?” என்றாள், சின்னப்பிள்ளைக் குரலில். “களைப்பு?”

நாலு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. பெமினா ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து உட்கார்ந்தாள். இசக்கியின் கை சில்லிட்டிருந்தது. அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு தடவ நானும் பாடிட்டு வந்துருதேன் இசக்கி. ஒங்கிட்ட இருந்து வந்ததுதானட்டி இது, நீயே வாங்கிக்கிடுதியா?”