கூலருக்குள் புகுந்த காட்டுப் புகை

மந்திர் மார்க் சாலைக்குப் பின்னால் இருக்கிற மேட்டுக் காடு மே மாதத்தில் தீப்பற்றி எரிந்தது. இரண்டு நாள் ஒரே புகை. அபூர்வா வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக மூடினார்கள். மூடிவிட்டு என்ன செய்தார்கள்? புழுக்கம் தாங்கவில்லை என்று கூலரைப் போட்டார்கள்.

மொட்டைமாடியில் நிற்கிற கூலர் வெளிக்காற்றைத்தான் ஈரப் புல் தட்டிகள் வழியாக இழுத்துக் குளிர்வித்து உள்ளே தள்ளும். படித்தவர்கள் வீடு அது. ஒருவருக்கும் இது தோன்றவில்லை. புகை முழுவதும் தகரக் குழாய் வழியாகச் சுகமாக வீட்டுக்குள் இறங்கியது.

அபூர்வாவின் தம்பி, மூன்று வயது சேஷுவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு நொய்டாவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

தீ அணைந்து எட்டு நாள் ஆயிற்று. ஆனாலும் கூலரைப் போட்டால் போதும், வீடு முழுக்கக் கரிவாடை. அந்த வாடை போகும்வரை குழந்தையைக் கூட்டி வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேஷு தினமும் போனில் ஒரே கேள்விதான் கேட்டான். "அக்கா, எப்ப என்னைக் கூட்டிண்டு போவ?"

"ஜல்தி வந்துடலாம்டா" என்பாள் பத்து வயது அபூர்வா. எட்டு நாளாக அதே ஜல்திதான். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அப்பா சுந்தரேஷ் ஒரு ஸ்ப்ரே வாங்கி வந்தார். மூன்றே நிமிடத்தில் புகைவாடை போகும் என்று டப்பாவில் போட்டிருந்தது. டப்பாவில் எதை வேண்டுமானாலும் போடலாம். அடித்துப் பார்த்தார்கள். இப்போது வீட்டில் மல்லிகைப்பூவைத் தீய்த்த வாடை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை கூலர் மெக்கானிக் அருள்மணி வந்தார். பழைய புல் தட்டிகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை மாட்டினார். தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். குழாயின் இரண்டு முனைகளிலும் நீளமான பிரஷ்ஷை விட்டுத் துடைத்தார்.

"நடுவுல ரெண்டு வளைவு இருக்கு சார். கரி அங்கதான் அப்பியிருக்கு. பிரஷ் எட்டாது. சுவத்தை உடைச்சுத்தான் குழாயைக் கழட்டணும்."

"வாடகை வீடு அருள்மணி. ஆணி அடிச்சாலே ஓனர் சண்டைக்கு வருவார்."

"அப்ப விடுங்க. அடுத்த வருஷத்துக்குள்ள தானா போயிடும்."

"அடுத்த வருஷம் சேஷுவுக்கு நாலு வயசாயிடும்" என்றாள் அபூர்வா.

அருள்மணி பிரஷ்ஷைத் துடைத்துப் பையில் வைத்தார்.

அபூர்வா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு கயிறு போனா, ஈரத்துணியைக் கட்டி இழுக்கலாமா?"

"இழுக்கலாம் பாப்பா. கயிறை யாரு கொண்டுபோறது? எலியைச் சம்பளத்துக்கு வைக்கணும்."

"கூலர் காத்தே கொண்டுபோகும்."

ஓடிப்போய் ஒரு பலூனை ஊதி, நீளமான நூலில் கட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தாள். அருள்மணி கரண்டை நிறுத்தினார். குழாயும் கூலரும் சேரும் இடத்தில் இருந்த கித்தானை அவிழ்த்து, பலூனை உள்ளே விட்டு, மறுபடி கட்டினார். ஃபேனைப் போட்டார்.

டப்.

"உள்ள தகரம் நீட்டிக்கிட்டிருக்கும். பலூன் பொழைக்குமா?" அருள்மணி சிரித்தார்.

அபூர்வா சிரிக்கவில்லை. குத்தினாலும் வெடிக்காதது வேண்டும். யோசித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கொத்தமல்லி வாங்கிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து வந்து அதன் காதுகளில் நூலைக் கட்டினாள். அப்பா கீழே அறையில் குழாய் திறக்கும் இடத்தில் போய் நின்றார்.

இந்தத் தடவை பை காற்றில் உப்பிக்கொண்டு ஓடியது. நூல் அவள் விரல்களுக்கு நடுவே சரசரவென்று போனது. சட்டென்று நின்றது.

"வளைவுல மாட்டிக்கிச்சு" என்றார் அருள்மணி. "வெடுக்குன்னு இழுத்துடாத."

பட்டம் விடுகிற மாதிரி அபூர்வா மெல்லச் சுண்டினாள். விட்டாள். மறுபடி சுண்டினாள். விட்டாள். நூல் ஓடத் தொடங்கியது.

கீழே அறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "வந்துடுத்துடி. பை வந்துடுத்து."

ஃபேனை நிறுத்திவிட்டு, நூலோடு கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். கயிற்றின் நடுவில் ஈரத்துண்டை மூட்டையாகக் கட்டினார்கள். மூவரும் மூக்கில் மாஸ்க் போட்டுக்கொண்டார்கள். கீழே அப்பா இழுக்க, மேலே அருள்மணி இழுக்க, மூட்டை குழாய்க்குள் போய்ப் போய் வந்தது. முதல் தடவை வெளியே வந்தபோது கறுப்பு நாய்க்குட்டி மாதிரி இருந்தது. அபூர்வா அதை அலசி அலசிக் கொடுத்தாள். பத்தாவது தடவை, துண்டில் போட்டிருந்த பூ தெரிந்தது.

கூலரைப் போட்டார்கள். அப்பா மூச்சை இழுத்துப் பார்த்தார். "வாடையே இல்ல. இப்பவே போன் பண்ணிடறேன்."

"இருப்பா. நம்ம மூக்கை நம்பக் கூடாது. எட்டு நாளா இந்த வாடையிலேயே இருக்கோம். அம்மா மட்டும் முதல்ல வந்து பார்க்கட்டும்."

அருள்மணி அப்பாவைப் பார்த்தார். "சார், உங்க வீட்டுல விவரமான ஆளும் இருக்கு."

சாயங்காலம் அம்மா வந்தாள். வாசலில் நின்று முகர்ந்தாள். கூலர் காற்று வரும் இடத்துக்கு நேராக நின்று முகர்ந்தாள். "புதுப் புல் வாசனைதான் வரது" என்றாள். உடனே நொய்டாவுக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் சேஷு வந்தான். காற்று வரும் இடத்தில் போய் நின்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

"அக்கா, காத்து குளிச்சுதா?"

"பத்து தடவை குளிச்சுது."

அவன் அக்காவின் மடியில் படுத்தான். இருமல் வருமோ என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் தூங்கிப்போனான்.

அபூர்வாவுக்குக் கால் மரத்துப்போயிற்று. அவள் அசையவே இல்லை.