மூன்றாம் மாடி அறை, வெள்ளி மூன்று மணி

காலியாகக் கிடந்த அறை, தன்னிடம் இடமில்லை என்று பதில் அனுப்பியது.

மறுநாள் குடியரசு தினம் என்பதால் ஆபீஸ் அரை நாளோடு காலியாகியிருந்த வெள்ளிக்கிழமை அது. மூடுபனி மத்தியானத்திலும் விலகவில்லை. ஹீட்டரில் கருகும் தூசியின் வாடையும் யாரோ உரித்துப் போட்டுப்போன வேர்க்கடலைத் தோலின் வாடையும் கலந்து நின்ற கம்ப்யூட்டர் பிரிவில் தனியாக உட்கார்ந்து, இளவரசி மூன்றாவது முறையாக அந்தப் பதிலைப் படித்தாள். பியூனின் நோட்டுக்குப் பதிலாக, மூன்றாம் மாடி மீட்டிங் அறையை இனி எல்லோரும் ஈமெயில் காலண்டரிலேயே பதிவு செய்ய வேண்டும். அதை அமைப்பது அவள் வேலை. அறைக்கென்று ஒரு ஈமெயில் கணக்கு வேண்டும். புதிதாகத் திறக்க லைசென்ஸ் இல்லை. போன மாதம் இறந்துபோன சக ஊழியர் ஜெயகிருஷ்ணனின் கணக்கு சும்மா இருந்தது. பெயரை மாற்றி அதையே அறைக்குக் கொடுத்துவிட்டாள். சரிபார்க்க அன்று மூன்று மணிக்கு அறையைப் பதிவு செய்து பார்த்தபோதுதான் இந்தப் பதில் வந்தது. செத்தவருடைய ஹீட்டரே மறுநாள் கைமாறிவிடும் ஆபீஸ் அது.

அவருடைய பழைய காலண்டரை அழிக்கத்தான் மறந்துவிட்டாள். இப்போது திறந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை, மூன்று முதல் நான்கு வரை, மூன்றாம் மாடி அறை. அழைத்தவர் ஜெயகிருஷ்ணன். வர ஒப்புக்கொண்டவர் மேனேஜர் ரமேஷ்குமார். பதிவு தொடங்கிய தேதி, பின்படிக்கட்டின் கீழே ஜெயகிருஷ்ணன் முகம் சிதைந்து கிடந்த அதே வெள்ளி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும். முடிவுத் தேதி இல்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஜெயகிருஷ்ணன் இறந்த அன்று மத்தியானமே கோல் மார்க்கெட் போய்விட்டதாக ரமேஷ்குமார் போலீஸிடம் சொன்னதை அவள் காதால் கேட்டிருந்தாள்.

"என்னம்மா பாக்கறே?"

பின்னால் ரமேஷ்குமார் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ.

"ஒண்ணுமில்ல சார். பழைய என்ட்ரி."

"அழி. ஜல்தி."

அழித்தாள். திரும்ப வந்தது. மறுபடி அழித்தாள். வந்தது. அவர் மூச்சு அவள் கழுத்தில் சூடாகப் பட்டது.

"வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்ல சார்."

உண்மையைச் சொன்னதற்காகத் தன்னையே சபித்துக்கொண்டாள்.

"அச்சா. வா, அந்த ரூமையே போய்ப் பாத்துடலாம்."

மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. அறையில் பினாயில் வாடை. நீள மேஜை. அவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மேஜைமேல் இருந்த கனத்த இரும்பு பஞ்சிங் மெஷினை எடுத்தார்.

"ஜெயகிருஷ்ணனும் இப்படித்தாம்மா. தேவையில்லாததப் பாத்துட்டான்."

இளவரசி சுவரோடு ஒட்டினாள். மோதி பாக் காலனியில் இருக்கும் வீட்டுக்கு உயிரோடு போக வேண்டும். வேறெதுவும் மனதில் இல்லை.

அவர் கை ஓங்கியது. மணி மூன்று.

மேஜையின் தலைப்பக்கத்து நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது.

அவர் திரும்பினார். ஓங்கிய கை அப்படியே முதுகுப்பக்கம் முறுக்கிக்கொண்டது. எலும்பு ஒடிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடரியைப் பற்றி, முகத்தை மேஜை விளிம்பில் மோதியது. பல் தெறித்தது. மறுபடி. மூக்கு இருந்த இடத்தில் ரத்தம். மறுபடி.

கதவை நோக்கித் தவழ்ந்தார். காலைப் பிடித்து இழுத்தது. தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தது. டையைச் சரிசெய்தது. மறுபடி மோதியது.

"சார்... ஜெயகிருஷ்ணன் சார்... போதும் சார்," என்றாள் இளவரசி.

சத்தம் நின்றது.

மணி மூன்று ஐந்து. மீட்டிங் நான்கு வரை. சாவி ரமேஷ்குமாரின் பாக்கெட்டில். அவருக்கு இன்னும் மூச்சு இருந்தது.

ரத்தம் சொட்டும் மேஜையோரம், இளவரசிக்கு எதிரே, இன்னொரு நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்து அவளுக்காகக் காத்திருந்தது.