வெறும் ஏணை

பாலிஷ் மிஷினை நிறுத்திய பிறகும் கார் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை. பின்கதவில் ஊன்றிய இடது கையை எடுக்க மறந்து நின்றதால்தான் பகலவனுக்கே தெரிந்தது. உள்ளே யாரோ உட்கார்ந்து சாவகாசமாகக் காலாட்டுவது மாதிரி ஒரு அசைவு, விரல் நுனியில் ஏறி மணிக்கட்டுவரை வந்தது. சுவிட்சைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. மத்தியானமே பொழுது சாய்ந்த மாதிரி மேகம் கவிந்து கிடந்தது. வெளியே தார் ரோட்டில் காயப்போட்ட மக்காச்சோளத்தை யாரோ அவசர அவசரமாக வாரிக்கூட்டும் சத்தம் கேட்டது. அந்தத் தூசி கருப்பு பெயிண்டில் அப்பிவிடுமே என்றுதான் ஷெட்டின் ஷட்டரை முழுசாக இறக்கியிருந்தான். உள்ளே ஒற்றை லைட்டும், பாலிஷ் மருந்தின் நெடியும், சூடேறிய ஸ்பாஞ்சின் வாடையும்தான்.

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். அட, இதுதானா!

பெண்டாட்டி எழில்மதியின் பழைய நூல் புடவை. இரண்டு பின்கதவுக்கும் மேலே இருக்கிற கைப்பிடிகளில் இரண்டு முனையையும் முடிந்து, காலையில்தான் தூளி மாதிரி ஏணை கட்டியிருந்தான். நாளைக்கு வெள்ளிமலைக்குப் போய், மாமியார் வீட்டிலிருந்து அவளையும் கைக்குழந்தை அபிநயாவையும் கூட்டிவர வேண்டும். மலைப்பாதை வளைவு முழுக்க மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் எதற்கு அல்லாட வேண்டும், பாப்பா ஜம்மென்று தூங்கிக்கொண்டு வரட்டுமே என்று அவன் போட்ட திட்டம் அது. மிஷின் அதிர்வில் ஏணை ஆடுகிறது, ஏணை ஆடுவதால் வண்டி ஆடுகிறது. இதற்குப் போய் நெஞ்சு திக்கென்றதே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

இந்த மிஷினுக்கும் ஒரு கதை உண்டு. செகண்ட் ஹேண்டில் எடுத்த காரை முதல் தடவை மலைக்கு ஓட்டிப்போனபோது, மச்சான் இளவரசன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, சேத்துல பொரண்ட எருமைய ஓட்டிக்கினு வந்துகிற?" என்றான். வீடே சிரித்தது. எழில்மதியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பகலவனுக்குச் சுருக்கென்று தைத்தது. மகளைக் கூட்டிவரும் நாளில் இந்தக் காரில் ஊரே முகம் பார்க்க வேண்டும் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கார் சாமான் கடை வைத்திருக்கும் செல்லமுத்து இரண்டு மிஷினை எடுத்து வைத்தார். "இது ரோட்டரி. ஒரே எடத்துல நின்னு சுத்தும். வேல சீக்கிரம் ஆவும், ஆனா பழகாத கைல குடுத்தா பெயிண்ட எரிச்சிப்புடும். இது டூயல் ஆக்சன், சுத்திக்கினே ஆடும். கொஞ்சம் லேட்டாவும், பெயிண்டுக்கு பயமில்ல. வூட்லயே மொத மொத போடறவங்களுக்கு இதாங்க." மிஷினில் மாட்டுகிற பேட் விஷயத்திலும் அதே கண்டிப்பு. கம்பளி பேட் பக்கமே போகாதே, மெத்து ஸ்பாஞ்சில் ஆரம்பி, ஒரு சாண் இடத்தில் போட்டுப் பார், கீறல் போகவில்லை என்றால் மட்டும் கெட்டி ஸ்பாஞ்சை எடு. பகலவன் தலையாட்டிவிட்டு, ஆடுகிற மிஷினையே வாங்கி வந்தான்.

மறுபடி சுவிட்சைப் போட்டான். பானட் முடிந்து, முன்கதவு முடிந்து, பளபளவென்று தன் முகம் தெரிந்தது. பின்கதவில் மட்டும் நாலைந்து கோடு பிடிவாதமாக நின்றது. கெட்டி ஸ்பாஞ்சை மாட்டி அழுத்தினான். கொர்ரென்ற சத்தம் தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. கை மரத்துப்போனது. கண்ணாடிக்குள் ஏணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

நிறுத்தினான். ஏணை எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

அது வழக்கமாக நிற்கிற மாதிரி நிற்கவில்லை. அவன் பக்கமாகச் சாய்ந்து வந்தது, சாய்ந்த இடத்திலேயே அப்படியே நின்றது. யாரோ கால் ஊன்றிப் பிடித்த மாதிரி. அப்புறம், மெதுவாக, நடுவுக்குப் போனது.

காலையில் போனில் ஏணை கட்டின விஷயத்தைச் சொன்னபோதே மாமியார் கமலா பதறியது ஞாபகம் வந்தது. "வெறும் ஏணைய ஆட வுடாதீங்க மாப்ள. கொழந்த வர வரைக்கும் ஒரு கொழவிக்கல்லையாவது உள்ள போட்டு வையுங்க." வீட்டில் மிக்சிதான் இருக்கிறது, குழவிக்கு நான் எங்கே போவது என்று அவன் சிரித்தான். "சிரிக்காதீங்க. எடம் காலியா கீதுன்னு காட்டக் கூடாது" என்றாள். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செல்போன் அடித்தது. எழில்மதி.

"இன்னாங்க, மத்தியானத்துலேருந்து பாப்பா ஒரே அழுவ. நடுவுல நடுவுல டக்குனு நிறுத்திட்டுத் தூங்குறா. பொறவு வீல்னு எழுந்துக்கினு கத்துறா. எனக்கு பயமா கீதுங்க."

பின்னால் குழந்தை கத்துவது கேட்டது. தொண்டை கிழிகிற கத்தல். போனை ஸ்பீக்கரில் போட்டுக் காரின் கூரைமேல் வைத்தான். எதற்கு அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது, பேட்டைக் கதவில் வைத்து சுவிட்சைத் தட்டினான்.

ஏணை ஆடியது. அழுகை கத்தியால் அறுத்த மாதிரி நின்றது.

அணைத்தான். வீல்.

போட்டான். நிசப்தம்.

"இன்னா சத்தங்க அது? மிஷினா?"

"ஒண்ணுமில்ல மதி. பாப்பாவ பாத்துக்க."

ஒண்ணுமில்லையாம்! மிஷினை ஓட்டியபடியே, ஒற்றைக் கையால் கதவைத் திறந்து, மேலே போட்டிருந்த முடிச்சைப் பிடித்து இழுத்தான். முடிச்சு இறுகிக் கிடந்தது. அவன் இழுத்த மறுகணம் போனில் குழந்தை அலறிய அலறலில் எழில்மதியும் சேர்ந்து அலறினாள். "ஐயோ, மூச்சி அடைக்குதுங்க! மூஞ்சி நீலமா போவுது!" கையை விட்டான். கதவைச் சாத்தினான். பேட்டை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான்.

மருந்து காய்ந்துவிட்டது. ஸ்பாஞ்சு பிய்ந்து துணுக்கு துணுக்காகப் பறந்தது. வெந்த பெயிண்டின் நாற்றம் மூக்கில் ஏறியது. போகட்டும். கார் போனால் மயிர் போச்சு. பாப்பா தூங்கினால் போதும்.

தகரக் கூரையில் மழை இறங்கியது.

கரண்ட் போனது.

இருட்டு. மிஷின் ஓய்ந்து நின்றது. போனில் வீல். போன் வெளிச்சத்தில் தடவித் தடவிக் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறினான். பால் கவிச்சை அடித்தது. ஏணையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஆட்டினான்.

கனத்தது.

வெறும் புடவை இப்படிக் கனக்காது. அடியில் சூடாக இருந்தது. லேசான ஈரம் வேறு. கையை இழுத்துக்கொள்ள உடம்பு முழுக்கத் துடித்தது, போனில் மகள் கத்தினாள், இழுத்துக்கொள்ளவில்லை. ஆட்டினான். தெரியாத எதையோ தாலாட்டுகிறோமே என்று அழுகை முட்டியது. ஆனாலும் ஆட்டினான்.

கத்தல் அடங்கியது. விசும்பலானது. அதுவும் நின்றது.

"தூங்கிட்டாங்க," என்றாள் எழில்மதி. "அப்பாடா. நல்லா தூங்குறா."

அவனுக்கும் உயிர் வந்தது. குழந்தையின் மூச்சு கேட்கிறதா என்று போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான். கேட்டது. மெல்லிசாக. அதே மூச்சு, ஒரு நொடி தள்ளி, ஏணைக்குள்ளும் கேட்டது.

ஆட்ட ஆட்ட, போனில் இருந்தது இளைத்தது. ஏணையில் இருந்தது தடித்தது.

"இன்னாங்க..." எழில்மதியின் குரல் மாறியிருந்தது. "கை ஜில்லுனு கீதுங்க. எழுப்பறேன், எழ மாட்டேங்குறா. அபி. அபிக்கண்ணு. அம்மா, இங்க வாயேன், வந்து பாரேன்!"

கையை எடுத்துவிட்டான். சுட்டுக்கொண்டவன் மாதிரி எடுத்துவிட்டான்.

ஏணை நிற்கவில்லை.

தானாகவே ஆடியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். அடிப்பாகம் தாழ்ந்து தாழ்ந்து சீட்டில் உரசியது. போனில் மாமியார் ஓடிவரும் சத்தம். ஏதோ பாத்திரம் உருண்டது. அப்புறம் எழில்மதி, வார்த்தையே இல்லாத ஒரு ஊளை.

புடவைத் துணி உள்ளிருந்து ஓரிடத்தில் முட்டிப் புடைத்தது. சின்னக் குதிகால். நெம்பி உதைத்தது.

அபிநயா அழ ஆரம்பித்தாள். அவனுக்குத் தெரிந்த அதே அழுகை, பசித்தால் அவள் விக்கி விக்கி அழுகிற அழுகை.

போனில் இல்லை. அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில், புடவைக்குள்.